சத்தம் கூட்டும் திருகு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ எவ்வளவு சௌக்கியமாக இருக்கிறாய் என்பதை உன் வீடியோவிலேயே பார்த்துவிட்டேன், அதனால் அதை விசாரிக்கவில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாடிக்குத் துணி காயப்போட நான்தான் ஏறுகிறேன். தொட்டிக் குழாய் ஒழுகியதற்குக் குழாய்க்காரர் வந்து ஒரு வாஷரை மாட்டிவிட்டு இரண்டுக்குக் காசு கேட்டார், இன்னொன்றைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன், அதைக் கணக்கிலும் எழுதிவிட்டேன். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், இதைப் பாதியில் மூடி வைக்காமல் படி.

குடும்பக் குழுவில் நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். என் பேத்தி, ஆறு வயதுக் குழந்தை, கூடத்துச் சுவரில் முதுகு ஒட்ட நிற்கிறாள். நீ மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நம் பழைய டிவி துப்பறிவாளர் மாதிரி தும்முகிறாய், உண்மையச் சொல்லிடுங்க மேடம், யாராவது பொய் சொன்னா என் மூக்கு தாங்காது என்கிறாய். பாட்டுக் கேட்கக் காதில் மாட்டும் உன் வெள்ளைக் கருவி ஒன்று தொலைந்துபோனதற்கு அந்த விசாரணை. அவள் கீழுதடு நடுங்குவது உனக்குத் தெரியவில்லையா, தெரிந்துதான் கேமராவைக் கிட்டே கொண்டுபோனாயா. அதற்குக் கீழே எழுதியிருக்கிறாய், அப்பா நடத்திய சனிக்கிழமை விசாரணையின் இரண்டாம் தலைமுறை, நம்ம வீட்டு அடுத்த திருட்டு முழி, அம்மாகூட ஒரு தடவை மாட்டினாங்களே ஞாபகம் இருக்கா என்று. உன் சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகச் சிரிப்பு முகம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கருவி மறுநாள் உன் கார் சீட்டுக்கடியில் கிடைத்ததாம், மருமகள் சொன்னாள். அதற்கு ஏனப்பா வீடியோ இல்லை.

அம்மாவுக்கு ரசனை இல்லை என்று ஆரம்பிக்காதே. அந்தத் தொடர் உன்னைவிட எனக்குப் பிடிக்கும். சனிக்கிழமை மட்டும் சாமியிடம் சுருக்கமாகப் பேசிவிட்டு ஓடி வந்து உட்காருவேன். தீராத ஜலதோஷத்தோடு அந்த மனிதரும், சலவைக் கடைக்கு மேலே ஆவி வந்துகொண்டே இருக்கும் அவருடைய ஆபீசும், அவரைத் திட்டித் தீர்க்கும் டைப்பிஸ்ட் அம்மாளும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறார்கள். சார், போன வாரம் நீங்க பிடிச்ச கொலைகாரரே பாவம்னு கைக்குட்டை குடுத்தாரு, அதையுமா தொலைச்சீங்க என்று அவள் கேட்டபோது சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் யாரையாவது கேள்வி கேட்கும் முன்னால் என்ன செய்வார் என்று நீ கவனித்திருக்கிறாயா. ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். தூசி தட்டிவிட்டு, உட்காருங்க, தப்பு பண்ணவங்களுக்கும் கால் வலிக்கும் என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. அப்பாவும் பிள்ளையுமாகத் தும்மலை மட்டும் படித்துக்கொண்டீர்கள்.

இனி உன் ஞாபகத்துக்கு வருவோம். தொடர் முடிந்ததும் உன் அப்பா விசாரணையை ஆரம்பிப்பார், நீ பென்சிலும் காகிதமுமாக அவர் பக்கத்தில் உதவியாளர். சுவரோரம் நிற்பது எப்போதும் உன் அக்காதான். பயந்தால் அவளுக்குக் கண் பெரிதாகும், அது ஒன்றுதான் அவள் செய்த குற்றம். முழிக்கிற முழியே சரியில்லையே என்பார் அவர், நீ திருட்டு முழி திருட்டு முழி என்று அவளைச் சுற்றிச் சுற்றி ஓடுவாய். சீப்பு தொலைந்தாலும் அவள்தான், பேனா மூடி தொலைந்தாலும் அவள்தான். இரண்டும் பிறகு கிடைத்தன, கிடைத்ததற்கு யாரும் விசாரணை வைக்கவில்லை.

அப்புறம் டிவியில் சத்தம் கூட்டும் திருகு காணாமல்போனது. அன்றைக்கு நான் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். உன் பள்ளிக்கூட டிரவுசர் பையில் கை விட்டால் அது இருக்கிறது. ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தேன். ஒன்பது வயதுப் பெண், நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்து நிற்கிறாள். உன் அப்பா தும்முகிறார். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், என் மூடிய கையைப் பார்த்தாய், உடனே குனிந்து காகிதத்தில் எழுத ஆரம்பித்தாய். உன் பெயரைச் சொன்னால் பெல்ட் எழும், சொல்லாவிட்டால் அவள் விழுவாள். அதனால், நான்தாங்க குப்பையில போட்டுட்டேன் என்றேன். கடவுள் முன்னால் அது பொய்யாகிவிடக் கூடாது என்று நேரே போய்க் குப்பையிலும் போட்டேன். அதற்கப்புறம் அந்த டிவி இருந்தவரை குறடு வைத்துத்தான் சத்தம் கூட்டினோம். வருகிறவர்களிடமெல்லாம் உன் அப்பா, எங்க வீட்டு டிவிக்குக் கொறடு வேணும், எல்லாம் எஜமானி உபயம் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். ஏழு வயதுப் பிள்ளை என்று அதை விட்டுவிட்டேன். இன்றைக்கு உனக்கு ஏழு வயதில்லை. அம்மாகூட மாட்டினாங்க என்று எந்தக் கையால் எழுதினாய்.

நீ வீடியோ போட்ட அன்றே மருந்துக்கடை வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் உன் அக்கா போன் செய்தாள். வணக்கமும் இல்லை சௌக்கியமும் இல்லை. அம்மா, அந்தக் குழந்தைய சுவத்துலேர்ந்து நகரச் சொல்லு என்றாள், வைத்துவிட்டாள். குழுவை விட்டும் போய்விட்டாள், நீ கவனித்தாயோ இல்லையோ. நான் போனைக் கீழே வைத்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீடியோவை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு, அப்ப அவ எடுக்கலையா என்றார். எனக்குப் புரியவில்லை. அவளைக் காப்பாத்தத்தான் நீ சொல்றேன்னு நெனச்சேன், போகட்டும்னு விட்டேன், கல்யாணத்தன்னைக்குக்கூட அவகிட்ட, பழசையெல்லாம் அப்பா மனசுல வெச்சுக்கலம்மான்னு சொன்னேனே என்றார். கேட்டாயா. செய்யாததற்கு மணக்கோலத்தில் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள் என் பெண். அவள் ஏன் இந்த வீட்டில் ஒரு இரவு தங்குவதில்லை என்று நானும் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீடியோவை எடுத்துவிடு. குழந்தையை மடியில் உட்காரவைத்து, கருவியை அப்பாதான் தொலைச்சேன், நீ இல்ல என்று சொல், மருமகளும் கேட்கும்படி சொல். பிறகு உன் அக்காவுக்குப் போன் செய். அவள் எடுத்ததும், திருகை எடுத்தது நான் என்று சொல். சின்ன வயசு, விளையாட்டு, அப்பா பழக்கிவிட்டார் என்று எதையும் அதோடு ஒட்டாதே. அவள் வைத்துவிடலாம். மறுநாளும் செய். அவள் எத்தனை நேரம் நின்றாள் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, நீ எத்தனை தடவை போன் செய்தாய் என்று நானும் கேட்கப்போவதில்லை. உன்னிடம் வர நீ எனக்காக எடுத்து அனுப்பிய விமான டிக்கெட் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தம்பி பேசினான் என்று உன் அக்கா தன் வாயால் சொல்லாமல் நான் வாசலைத் தாண்ட மாட்டேன்.

பேத்திக்கும் மருமகளுக்கும் கடவுள் எல்லா நலமும் தரட்டும், என் மனமார்ந்த ஆசீர்வாதம். உனக்குரியது என்னிடம் இருக்கிறது, அக்கா சொன்ன பிறகு அனுப்புகிறேன். பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடு, அவளிடம் பேசி முடிக்கும்வரை நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்றவள்