மாப்பிள்ளை விற்காத வண்டி

ஆகஸ்ட் 4

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்றைய வேலை: மோட்டார் ரிப்பேர்காரனுக்கு மறுபடி போன். முடி வெட்ட. மா. கொண்டுவரும் காரை ஓட்டிப் பார்க்க.

மா. என்றால் மாப்பிள்ளை சுந்தர். முழுதாக எழுத மனம் வரவில்லை. கல்யாணப் பேச்சில் மேனேஜர் என்றார்கள். தாலி கட்டிய பிறகு பார்த்தால், அரியலூரில் ஒரு வெளிநாட்டு கம்பெனி கார் ஷோரூமில் டை கட்டிக்கொண்டு வண்டி விற்கிறான். இரண்டு வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

பதினொன்றுக்கு வந்தான். வேப்பந்தட்டை வரை போய் வந்தோம். ஏசி நன்று. வண்டியும் நன்று. சொல்லவில்லை.

"எப்புடி மாமா இருக்கு?"

"பாக்கலாம் மாப்ள. ஆடி போவட்டும். ஆடியில எவன் வண்டி எடுப்பான்?"

தலையாட்டினான். அவ்வளவு ஏசியிலும் சட்டைக் காலரில் வேர்வை.

ஆகஸ்ட் 9

மேகம் மட்டும். மழை இல்லை. மோட்டார்காரன் வரவில்லை.

மகள் தேன்மொழி போன். ஏழாம் மாதம் அவளுக்கு. மூச்சு வாங்குகிறது.

"அப்பா, இந்த மாசத்துக்குள்ள இன்னும் ஒரு வண்டி அவரு வித்தாவணும். இல்லன்னா நின்னுக்கச் சொல்லிட்டாங்க. ஆடியில ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்க எப்புடியும் கார் வாங்கத்தான போறீங்க?"

"பாக்கலாம்மா."

என் மனைவி பவுனு அடுப்படியிலிருந்து: "பெத்த பொண்ணுக்கும் பாக்கலாந்தானா?"

உண்மையை இங்கே எழுதலாம். பெரம்பலூரிலேயே உள்நாட்டு கம்பெனி வண்டிக்கு ஜூலைக் கடைசியில் முன்பணம் கட்டிவிட்டேன். ஆவணி பிறந்ததும் எடுப்பது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 11

மா.வை மறுபடி வரவழைத்தேன். வெள்ளை பார்த்தாயிற்று, சிவப்பில் ஒன்று பார்க்க வேண்டும் என்று. சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்திருக்கிறான். சிவப்பு வண்டி சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. துணியை நனைத்து, சுற்றிச் சுற்றித் துடைத்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சுகமாக இருந்தது. என் நோட்டு, என் இஷ்டம்.

ஆகஸ்ட் 15

தெரு நலச்சங்கக் கொடியேற்றம். என் பேச்சு. வெளிநாட்டு வண்டி வாங்கினால் லாபம் கப்பலேறும், ரூபாய் இளைக்கும், நம் ஆலைக்காரன் கதவைச் சாத்துவான் என்றேன். நல்ல கைதட்டல். மா.வையும் வரச் சொல்லியிருந்தேன். மிட்டாய்த் தட்டு அவன் கையில்.

சும்மா இருந்திருக்கலாம். வாய் திறந்தான்.

"எங்க வண்டியும் மெட்ராஸ் பக்கத்துலதான் மாமா செய்யிறாங்க. வேப்பந்தட்டை பசங்களே நாலு பேரு அங்க வேல பாக்குறாங்க. அவங்க சம்பளம் இங்கதான செலவாவுது?"

"லாபம் எங்க போவுது மாப்ள?"

"அது அங்கதான் போவுது. இல்லங்கல. ஆனா..."

"அப்ப கூலி நமக்கு, முதலாளி அவன். இதுக்கா கொடி ஏத்துறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டுப் போவான் என்று பார்த்தேன். கடைசி ஆள் வரை மிட்டாய் கொடுத்துவிட்டுத்தான் போனான். நான் பேசிய மைக் எந்த நாட்டுது என்று நல்லவேளை எவனும் கேட்கவில்லை.

நாட்டுப்பற்று பாதி. அவன் கெஞ்சுவதைப் பார்க்கும் ஆசை மீதி.

ஆகஸ்ட் 20

வண்டி எடுத்தாயிற்று. ஆளுயர அட்டைச் சாவி கொடுத்து போட்டோ. ஷோரூம் மேனேஜரிடம் கேட்டேன், "எல்லாம் நம்ம நாட்டுதுதான?"

"கம்பெனி நம்மளுது சார். கியர்பாக்ஸ், முன்னாடி இருக்குற திரை, உள்ள இருக்குற சிப்பு, இதெல்லாம் வெளியிலேர்ந்து வருது."

மெதுவாகப் பேசச் சொன்னேன். இது இந்த நோட்டோடு நிற்கட்டும்.

செட்டிகுளம் கோயிலில் பூஜை. மா.வை போன் போட்டு அங்கேயே வரச் சொன்னேன். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கும் வேலையை அவனுக்கே கொடுத்தேன். மண்டியிட்டு வைத்தான். பேப்பர்களையும் கொடுத்து டேஷ்போர்டில் வைக்கச் சொன்னேன். அதற்கு ஏனோ கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

வெளியே வந்து, "நல்ல வண்டி மாமா" என்றான். அவ்வளவுதான். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது.

சீட்டு பாலிதீன் உறையை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வளைகாப்பு முடிந்து தேன்மொழியை அழைத்து வரும்போது அவள் கையால் கிழிக்கட்டும். பின்சீட்டில் அவள், மடியில் பூ. பத்து நாளாக இதே நினைப்பு.

ஆகஸ்ட் 31

தூறல். மா.வுக்கு வேலை போய்விட்டது. பவுனு சொன்னாள். சொல்லிவிட்டு ரசத்தை இலையில் ஊற்றாமல் சட்டியோடு என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

உள்நாட்டு கம்பெனியில் சேரட்டும் என்றேன்.

செப்டம்பர் 3

வளைகாப்பு, அரியலூரில், மா. வீட்டில். நாங்கள் கொண்டுபோனது: புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். வளையல் இரண்டு கையும் நிறைய. மகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கிளம்பும் நேரம். "நான் வரலப்பா. இங்கயே பெத்துக்குறேன்."

மா.தான் கெஞ்சினான். "மொத பிரசவம் அம்மா வூட்லதான் தேனு. போயிட்டு வா."

அவள் அவனைப் பார்க்காமல் என்னிடம்: "ஜூலையிலயே முன்பணம் கட்டிட்டீங்க. அப்பறம் எதுக்குப்பா அவர ரெண்டு தடவ வரவச்சீங்க? செவப்பு வண்டி வேற கேட்டீங்களாம்."

"யாரு சொன்னது?"

மா. தலையைக் குனிந்துகொண்டு, "பேப்பர வைக்கச் சொன்னீங்களே மாமா. ரசீது மேலயே இருந்துச்சு" என்றான்.

அப்படியென்றால் கோயிலிலேயே தெரியும். தெரிந்துதான் நல்ல வண்டி என்றிருக்கிறான்.

மகள் சொன்னது: "இவருக்கு வேல போவணும்னு காத்துக்கிட்டிருந்தவரு வூட்ல எனக்குத் தூக்கம் வராது."

பவுனுவை வா என்றேன். "நீங்க போங்க. நான் இவகூட இருக்கேன்."

"எப்ப வருவ?"

"பெத்தப்பறம் பாக்கலாம்."

வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாதென்று சம்பந்தியம்மா ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சோறு வைத்துக் கொடுத்தார். மா.தான் தூக்கிவந்து பின்சீட்டில் அடுக்கினான். டிக்கியில் வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழியில் ஒரு லாரிக்காக பிரேக். புளிச்சோறு தூக்கு சாய்ந்து, அவள் உட்கார வேண்டிய இடம் முழுக்க எண்ணெயும் பருக்கையும்.

வீட்டில் விளக்கில்லை. துணியை நனைத்து நானே துடைத்தேன். நல்லவேளை, உறை கிழிக்கவில்லை.