குங்குமம் வைத்த கேபினெட்

கரோல் பாக், தில்லி.

அன்புள்ள ராஜவேலுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். கால்கரிக் குளிரில் நீயும் ரோஹிணியும் குழந்தையும் நலமாக இருக்க முருகன் துணையிருக்கட்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதில் விழாமல் உன்னைத் திட்ட வேறு வழியில்லை, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய கம்ப்யூட்டர் கேபினெட் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது. ஏர்கூலர் தண்ணீர் பட்டு, மதர்போர்டு இருக்கும் பழைய பெட்டி துருப்பிடித்துவிட்டது, இடத்தை அடைக்காமல் சின்னதாக ஒன்று அனுப்புகிறேன் என்று நீதான் சொன்னாய். புதுக் கம்ப்யூட்டரே வாங்கித் தருகிறேன் என்றதற்கு அப்பா வேண்டாம் என்றார். அவர் தமிழ் அடிக்கும் பழைய சாஃப்ட்வேர் அந்த மதர்போர்டில்தான் ஓடும். இங்குள்ள தமிழர் வீட்டு வளைகாப்புப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அவர் அடித்துக் கொடுப்பதுதானே. நீ ஆர்டர் போடுவதற்கு முன்பே ஸ்கேலை வைத்து அளந்து, போர்டு ஒரு அடி நீளம், ஒன்பதரை அங்குல அகலம், பழைய காலத்துப் பெரிய சைஸ், சின்னப் பெட்டியில் போகுமா என்று உன்னைக் கேட்டார். நீ கார் ஓட்டிக்கொண்டே, "எல்லாம் ஒரே சைஸ்தாம்பா, பொருந்திடும்" என்றாய். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆபீஸில் கையெழுத்தில்லாமல் ஒரு காகிதத்தை நகர்த்தாத மனுஷர், நீ வாயால் சொன்னதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். பூஜையன்று கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். மறுநாள் மதர்போர்டைக் கழற்றி உள்ளே வைத்தால் இரண்டரை அங்குலம் வெளியே நிற்கிறது, திருகு ஓட்டைகளும் சேரவில்லை. சரி, திருப்பி அனுப்பலாம் என்றால், எடுக்க வந்த ஆள் குங்குமக் கறையைப் பார்த்துவிட்டு, யூஸ் பண்ணின சாமான் ஆன்ட்டிஜி, வாபஸ் கிடையாது என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கெல்லாம் எனக்குக் கோபமில்லை. சாமான் போனால் போகிறது. அன்றைக்குப் போனில், "அளந்து பாக்காம ஏம்பா கழட்டினீங்க" என்றாயே, அதற்குத்தான் கோபம். அளந்து சொன்னவரைப் பார்த்து அப்படிக் கேட்க உனக்கு எப்படி வாய் வந்தது? அவரோ, என் தப்புதாம்ப்பா என்றார். அன்றிலிருந்து பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடமெல்லாம், வயசாகிவிட்டது, எனக்கு அளவு பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். இன்று காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால், மதர்போர்டை மேஜை ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரம்பத்தால் அறுக்கிறார். பிடுங்கி வைத்துவிட்டு, என்ன இது என்று கத்தினேன். "புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும் வள்ளி, போர்டுதான் கொஞ்சம் பெருசாப் போயிடுச்சு" என்றார். பச்சைத் தகட்டில் ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது. இனி அது ஓடுமோ ஓடாதோ, தெரியாது.

நீ வேறு கேபினெட் அனுப்ப வேண்டாம். புதுக் கம்ப்யூட்டரும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னிடம் சாப்பாட்டைப் பற்றியெல்லாம் விசாரிக்காதே. நேராக அப்பாவிடம், நீங்கள் சரியாகத்தான் அளந்தீர்கள், நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று சொல். ஸ்பீக்கரிலேயே சொல், எதிர்வீட்டுப் பாலசுப்ரமணியமும் கேட்கட்டும். அவர் பரவாயில்லைப்பா என்று பேச்சை மாற்றுவார். விடாதே, இன்னொரு தடவை சொல்.

குழந்தையைக் காது மூடாமல் வெளியே அனுப்பாதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் எழுதியதாக அப்பாவிடம் மூச்சுவிடாதே. அம்மா சொல்லித்தான் நீ பேசினாய் என்று தெரிந்தால், அதையும் தன் தப்பு என்றே சொல்வார்.

கோபம் ஆறாத உன் அம்மா,
வள்ளி கலியமூர்த்தி