வாலு சொல்லி முடிக்கட்டும்

ஏப்ரல் 6

வாலுவின் அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாகப் படிக்கலாம்.

போனை எடுத்தால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அவளுக்கோ போனைக் காதில் வைத்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. கடிதம்தான் சரி என்று நாம் முடிவெடுத்தது எவ்வளவோ நல்லது. கடிதத்தில் யாரும் யாருக்கும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

அறை, படகு இன்ஜின் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இருக்கிறது. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், மூட மூடச் சொட்டும் குழாய். நாள் முழுக்க டீசல் வாசனை. உங்கள் மகளுக்கு அது பிடித்துப்போய், "அ...அப்பா சட்டை வாசனை" என்கிறாள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ஆறு வயசுப் பிள்ளையை இழுத்துக்கிட்டுத் திமிங்கலத்துக்குப் பின்னாடி அலையறது என்ன வேலை?" இதுதான் வேலை. வெதுவெதுப்பான கடலில் குட்டி போட்ட திமிங்கலங்கள், இரை இருக்கிற குளிர்க்கடலுக்கு இந்தக் கரையை ஒட்டியே போகின்றன. ஆராய்ச்சிக் குழு ஒன்று துறைமுகம் துறைமுகமாக அவற்றின் பின்னாலேயே போகிறது. ஒவ்வொரு திமிங்கலத்தின் வாலுக்கு அடியிலும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோலம் இருக்கும். ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதைப் படம் பிடித்து, பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, வந்தது யார் என்று கண்டுபிடிக்க ஆள் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தில் மயிரிழை விரிசலைத் தேடிப் பழகிய கண் எனக்கு. எடுக்காமல் சேர்த்து வைத்த லீவும் இருந்தது. குழந்தையோடு வரலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டுத்தான் கூட்டி வந்தேன். ஆஜர் எடுக்கும்போது "உள்ளேன்" என்ற சொல் வராமல் அவள் வாயைத் திறந்தபடி நிற்பாள், வகுப்பே சிரிக்கும். கடைசி மாதம் கையைக்கூடத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். இருக்கிற பிள்ளைக்கு வரவில்லை என்று குறித்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் நிஜமாகவே வராமல் இருக்கட்டும் என்றுதான் கிளம்பினேன்.

இங்கே எல்லாரும் வாலைத்தான் பேசுகிறார்கள். நம் வாலுவுக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 15

வாலு அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழாய்க்கு வாஷர் மாற்றினால் சொட்டுவது நிற்கும். கீழே இன்ஜின் கடையிலேயே கேட்டால் கொடுப்பார்கள்.

உன் வேலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டையாகும். கடல் கடலாகத்தான் இருக்கும், மிதவைச் சட்டையை அவளுக்கு நீயே இறுக்கிக் கட்டு, படகுக்காரர்களை நம்பாதே. அவளுக்குத் தலை ஈரமாக இருந்தால் மறுநாளே சளி பிடிக்கும். இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேறு ஒரு முக்கியமான விஷயம். இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு லிஃப்ட் மாட்டினோம். அங்கே திக்குகிற பிள்ளைகளுக்குத் தனியாகப் பேச்சு வகுப்பு வைத்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் பேசி ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டேன். ஜூன் மாதம் சேர்க்க வேண்டும். அவள் இங்கே என்னோடு இருக்கட்டும். சனி ஞாயிறு நீ வந்து பார்க்கலாம், இத்தனை நாள் நான் வந்து பார்த்ததுபோல. கோபப்படாமல் யோசித்துப் பதில் எழுது. பிள்ளை நாலு பேரைப் போலப் பேச வேண்டும் என்றுதான் சொல்கிறேன், உன்னிடமிருந்து பிரிக்க இல்லை.

அதுவரைக்கும், "திமிங்கலம்" என்று சொல்ல வராவிட்டால் "பெரிய மீன்" என்று சொல்லச் சொல். "த" அவளுக்கு எப்போதும் மக்கர் பண்ணும். போன விடுமுறையிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவளுக்கு என் முத்தம். உனக்கு விசாரிப்புகள்.

வாலுவின் அப்பா


மே 2

வாலுவின் அப்பாவுக்கு,

வாஷர் மாற்றுவதற்குள் அடுத்த துறைமுகத்துக்கு வந்துவிட்டோம். இங்கே குழாய் சொட்டவில்லை, கதவுதான் சாத்த வரவில்லை. நாற்காலி முட்டுக்கொடுத்துத் தூங்குகிறோம்.

"பெரிய மீன்" யோசனையைச் சொன்னேன். உங்கள் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அது மீ...மீன் இல்லம்மா. பா...பால் குடுக்கும்."

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எங்கள் படகில் ஆராய்ச்சிக்காரர்களோடு, டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவர்களும் வருவார்கள். அந்தக் காசில்தான் டீசல் போடுகிறார்கள். திமிங்கலம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று கேப்டன் மைக்கில் சொல்வார். போன வாரம் எல்லாரும் வலது பக்கம் கம்பியைப் பிடித்து நின்றோம். அங்கேதான் ஒரு வால் எழுந்து அடங்கியிருந்தது. வாலு மட்டும் இடது பக்கம் கேப்டன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் என்ன என்று கேட்க, "தி... தி..." என்று நின்றுவிட்டது. அவர் மைக்கை அவள் வாய்க்கு நேரே இறக்கிப் பிடித்தார், அவ்வளவுதான்.

ஓடிப்போய் நானே சொல்லிவிடலாமா என்று எனக்கு இருந்தது. ஒலிபெருக்கியில் அந்த "தி... தி... தி..." படகு முழுக்கக் கேட்டது. நான் சிரிப்பை எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அதைத்தானே செய்கிறோம். கடைசியில் வந்தது: "திமிங்கலம். இடது பக்கம். கு...குட்டியும் இருக்கு."

இருந்தது. தாயின் வால் ஓரத்தில் ஒரு துண்டு போயிருக்கும், கடித்த பிஸ்கட் மாதிரி; வாலு அதற்குப் பிஸ்கட் என்றே பெயர் வைத்துவிட்டாள். முதல் துறைமுகத்தில் நான் எடுத்த படங்களில் இருந்த அதே தாய்தான். வெதுவெதுப்பான கடலில் குட்டியோடு பார்த்தது அப்போது தனியாகத் தெரிந்ததால், குட்டி பிழைக்கவில்லை போலிருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரம்மா வருத்தப்பட்டிருந்தார். இப்போது குட்டி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. பக்கவாட்டில் தொட்டுத் தொட்டு, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைபோல. முதலில் கண்டது உங்கள் மகள். படத்தின் கீழே அவள் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள், கண்டவர் என்ற இடத்தில். நான் இரண்டு தடவை கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

பயணம் முடியும்வரை தாய் எதுவும் சாப்பிடாதாம். உடம்பிலிருக்கும் கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிக்குப் பால். அதைக் கேட்டதிலிருந்து வாலு தன் ரொட்டியில் பாதியை எனக்கு ஊட்டுகிறாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும், குத்திக் காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அ...அதோட அப்பா எங்க?" என்று ஆராய்ச்சிக்காரம்மாவைக் கேட்டாள். "அப்பா கூட வராதும்மா, அது தனியாப் போயிடும்," என்றார் அவர். வாலு சொன்னாள்: "எங்க அப்பா லி...லிஃப்ட் ரிப்பேர் பண்றாங்க. அதான் வரல."

அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. உங்களை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னாள். ஜூன் விஷயத்துக்கான பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


மே 9

வாலு அம்மாவுக்கு,

கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் படித்தேன். ஏழாவது மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில். நல்லவேளை, அங்கே யாரும் வருவதில்லை.

உன்னைப் பாராட்டவும் வாய் வரவில்லை, திட்டவும் வரவில்லை. மைக்கில் பேசினாளா? நம் பிள்ளையா? கூட வேலை பார்க்கிற வயரிங் தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, நானே மைக்கைப் பார்த்தா ஓடிடுவேன்," என்றான். சாப்பாட்டு நேரத்தில் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன். சாயங்காலம் நான் சொல்லாமலே மூன்று பேர் வந்து கேட்டார்கள்.

ஆனால் ஒரு தடவை வந்தது எப்போதும் வரும் என்று நினைக்காதே. கடலில் இருப்பவர்கள் பொறுமைசாலிகள். ஊரில் இருப்பவர்கள் அப்படியா? பள்ளிக்கூட இடத்தை நான் இன்னும் விடவில்லை.

லீவு போட்டுவிட்டேன். வருகிற இருபதாம் தேதி கடைசித் துறைமுகத்துக்கு வருகிறேன். அவளிடம் சொல்லி வை. "லிஃப்ட் நல்லா இருக்கு, அதான் வர்றாரு" என்று சொல்.

நீயும் ஒழுங்காகச் சாப்பிடு. திமிங்கலத்துக்குக் கொழுப்பு இருக்கிறது. உனக்கு எங்கே இருக்கிறது? (வாயில் இருக்கிறது என்று எழுத வந்தேன். எழுதவில்லை.)

வாலுவின் அப்பா


மே 24

வாலுவின் அப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? நீங்கள் சரிசெய்துவிட்டுப் போன ஜன்னல் கொண்டி நன்றாக விழுகிறது.

இவ்வளவு தூரம் வந்தும் உங்களுக்கு ஒரு திமிங்கலம்கூடக் கண்ணில் படவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. முக்கால்வாசி முன்பே கடந்துவிட்டன. போதாததற்கு அன்றைக்கு அந்த மூடுபனி வேறு. ஆராய்ச்சிக்காரம்மா உங்களிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார், ஏதோ அவர்தான் திமிங்கலங்களை ஒளித்து வைத்ததுபோல.

நான் மேல்தளத்தில் கேமராவோடு நின்றதால் கீழே நடந்தது முழுக்க எனக்குத் தெரியாது. படகில் கயிறு கட்டுகிற அக்கா நேற்று சொன்னார். நீங்கள் சொல்லவே இல்லையே.

எனக்குக் கேட்டதெல்லாம் ஒலிபெருக்கியில் வந்தது மட்டும்தான். ஒன்றும் தெரியாமல் ஆட்கள் அலுத்துப்போய், பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் கேப்டனிடம் சண்டைக்கு நின்றார். அப்போது வாலு தானாகப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினாள். யாரும் அவளை அனுப்பவில்லை. "பி...பிஸ்கட்னு ஒரு தி... தி... திமிங்கலம்," என்று ஆரம்பித்தாள். அது எங்கே குட்டி போட்டது, எத்தனை துறைமுகம் தாண்டியது, குட்டி செத்துப்போனதென்று எப்படி நினைத்தோம், ஏன் தாய் சாப்பிடாது, எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை இடத்தில் பேச்சு நின்றது, எத்தனை இடத்தில் திரும்ப ஆரம்பித்தாள். எனக்குக் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் பனி என்று நினைத்துத் துடைத்தேன். பனி இல்லை.

அக்கா சொன்னது இது. வாலு ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டபோது, உங்கள் பக்கத்திலிருந்த கம்பளிக் குல்லாக்காரர் நல்ல மனசோடுதான் அந்தச் சொல்லை உரக்க எடுத்துக் கொடுத்தாராம். உடனே நீங்கள் அவர் தோளில் கைவைத்து, "பொறுங்க சார், அவளே சொல்லுவா," என்றீர்களாம். அவர், "உங்க பொண்ணா?" என்று கேட்டாராம். "ஆமா, என் பொண்ணு," என்று சொன்னீர்களாம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நின்றீர்களாம். அக்கா எனக்கு நடித்தே காட்டினார்.

அவளிடம் சொல்லவில்லை. நீங்கள் என்றைக்காவது சொல்லுங்கள்.

ஜூன் விஷயத்துக்கு வருகிறேன். பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் சொல்லித்தருகிறார். கூட்டிப் போகிறேன். ஆனால் அது அவளுக்கு உதவிக்கு. திக்கல் போன பிறகுதான் வாயைத் திறக்கலாம் என்பதற்காக இல்லை. அதற்காக அவள் வீடு மாற வேண்டாம். உங்கள் பள்ளிக்கூட இடத்தை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள்.

பஸ் நிலையத்தில் அவள் ஐஸ் வாங்கப் போனபோது நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "மறுபடி ஒரே வீட்ல இருந்தா என்ன?" என்று கேட்டீர்கள். இந்த இரண்டு நாளும் யோசித்தேன். வேண்டாம். ஒரே வீட்டில் நாம் ஒருவரை ஒருவர் சொல்லி முடிக்க விடமாட்டோம். ஆனால் ஒரே ஊரில் இருக்கலாமே? எங்கள் ஊரிலும் மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன, எங்கள் ஊரிலும் லிஃப்ட் பாதியில் நிற்கிறது. எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு பார்த்தீர்களென்றால், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே உங்களிடம் வரட்டும். அன்றன்றைய கதையை முதலில் நீங்கள் கேளுங்கள். ராத்திரி நான் கேட்டுக்கொள்கிறேன்.

கோபப்படாமல் யோசித்துப் பதில் எழுதுங்கள். உங்களிடம் கற்ற வாக்கியம்தான்.

அன்புடன்,
வாலுவின் அம்மா


ஜூன் 3

வாலு அம்மாவுக்கு,

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கோபப்படவில்லை. இரண்டு நாள் வருத்தப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் நீ சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.

திமிங்கலம் பார்க்கவில்லையே என்று இங்கே எல்லாரும் எனக்காக உச்சுக்கொட்டுகிறார்கள். நான் பார்க்கப் போனதைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அந்தப் படகில் அத்தனை பேர், வாயைத் திறக்காமல், என் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்ட ஆள்கூட. இறங்கும்போது அவர் அவளிடம் வந்து, "அந்தக் குட்டி அடுத்த வருஷமும் வருமா?" என்று கேட்டார். அவள், "தெ...தெரியாது," என்றாள். தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்ன தோரணை இருக்கிறதே, எங்கள் இன்ஜினீயருக்குக்கூட வராது.

பள்ளிக்கூட இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். நேற்று மேலாளரைப் பார்த்து உங்கள் ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டேன். என்ன காரணம் என்றார். மகள் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏம்ப்பா, பொண்ணுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சார், நல்லா இருக்கா," என்றேன். "அதனாலதான் போறேன்."

வாலுவின் அப்பா