கம்பு பிடிப்பவளின் தலைவலி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வந்துவிட்டது. எடை மாட்டிய இரும்பு பாரைத் தலைக்கு மேலே தூக்கி, கடைசித் தடவை கீழே இறக்கும்போது பின்மண்டையில் ஆரம்பித்தது. அப்புறம் இரண்டு பொட்டிலும் டம் டம் என்று அடி. ஜிம் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோச் ஓடி வந்து, "என்னக்கா, மயக்கமா?" என்றார். "இல்ல, ஷூ லேஸ் அவுந்துடுச்சு" என்றேன். நான் போட்டிருந்த ஷூவில் லேஸே கிடையாது. அவரும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாகப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இருட்டில் உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா இருட்டுல இருக்க?" என்றாள் மகள். கரண்ட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்றேன். இன்று ஒரே நாளில் இரண்டு பொய்.

ஜிம்முக்கு நான் அழகாவதற்காகப் போகவில்லை. அந்த வயது தாண்டியாயிற்று, தாண்டினால் தாண்டட்டும். போன மாதம் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னதற்காகப் போகிறேன். கூடப் பிறந்த அண்ணன் இல்லை, எங்கள் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். "கடைசி சீன் முழுக்க ஒரே ஷாட்டாம்மா. கட்டே கிடையாது. ஒன்பது நிமிஷம் நீ கம்பை இறக்கவே முடியாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, தம்பிகிட்ட குடுத்துடலாம்."

தம்பி என்பது யூனிட்டுக்குப் புதிதாக வந்திருப்பவன். நல்ல உயரம். தூங்கிக்கொண்டேகூடக் கம்பு பிடிப்பான். சில நாள் அப்படித்தான் பிடிக்கிறான்.

மகள் பிறந்த வருடத்திலிருந்து இந்த வேலை. கம்பின் நுனியில் மைக். நடிகர்கள் தலைக்கு மேலே, அது படத்திலும் விழக் கூடாது, அதன் நிழலும் விழக் கூடாது. கணவர் தன் நண்பர்களிடம் "சினிமாவுல இருக்கா" என்று பெருமையாகச் சொல்வார். "எந்தப் படத்துல பாக்கலாம்?" என்று அவர்கள் கேட்பார்கள். நான் படத்தில் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று யார் அவர்களுக்குச் சொல்வது?

ஏப்ரல் ஒன்பது ஷூட்டிங். கம்பு என்னுடையது. தரமாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

வாய் தவறி மேக்கப் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது யூனிட் முழுக்க வைத்தியர்கள். அக்கா: "காபியைத் திடீர்னு குறைச்சிருப்ப." லைட்மேன்: "வெயில்ல நின்னுட்டு நேரா ஜிம்முக்குப் போனா வேற என்ன ஆகும்?" மாமியார் போனில்: "கண்ணாடியை மாத்துமா." கணவர் மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வயசு."

வயசாம்! அவருக்கு என்னைவிட ஆறு வயது அதிகம். மாடிப்படி ஏறினாலே பெருமூச்சு.

சரி. ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களே, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன். பார்த்துவிட்டு எல்லோர் வாயையும் அடைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

முதலில் தண்ணீர். யோசித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை நான் குடிப்பது இரண்டு டீ. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். ஷூட்டிங் இடத்தில் இருக்கும் ஒரே நல்ல பாத்ரூம் கேரவனில். கேரவன் ஹீரோயினுக்கு. அதனால் நாங்கள், யூனிட்டின் பெண்கள், தாகத்தோடு வேலை செய்யப் பழகிவிட்டோம். அப்படிக் காய்ந்த உடம்போடு போய் இரும்பைத் தூக்கினால் தலை சும்மா இருக்குமா?

வெள்ளிக்கிழமையே மேனேஜரிடம் நேராகப் போய்ச் சாவி கேட்டேன்.

"அது ஹீரோயினுக்கும்மா."

"ஏன் சார், அவங்களுக்கு மட்டும்தான் கிட்னி இருக்கா?"

கொடுத்துவிட்டார். எனக்குப் பின்னால் மேக்கப் அக்காவும் காஸ்ட்யூம் பெண்ணும் வரிசையாக வந்து நின்றார்கள்.

சாயங்காலங்களில் வரும் மந்தமான வலி போய்விட்டது. பார் தூக்கும்போது வரும் அந்த டம் டம் மட்டும் போகவில்லை. அது வேறு ஆள்.

மார்ச் 11, செவ்வாய்

வெறும் வயிற்றோடு போவதால் இருக்குமோ என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே சாப்பிட்டேன். வலித்தது. கூடவே புளித்த ஏப்பம்.

மார்ச் 14, வெள்ளி

ஹெட்போன் பட்டையைத் தளர்த்தினேன். நாள் முழுக்க அண்ணாந்து பார்ப்பதால் கழுத்து பிடித்திருக்கும் என்று ஒத்தடம் கொடுத்தேன். கழுத்து நன்றி சொன்னது. தலை சொல்லவில்லை.

இன்று வந்தது இதுவரை வந்ததிலேயே மோசம். ஜிம் வாசலில் வாந்தி. கூட்டிப் போக வந்த கணவர் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "நிறுத்திடு" என்றார். "உன் உசிரைவிட அந்தக் கம்பு பெருசா?"

ஆமான்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் எப்படியோ போயிடுச்சு. ஆனா நான் என்ன பண்ணட்டும்? கம்பை வச்சுட்டா நான் யாரு? வீட்டுல உக்காந்து டிவி பாக்கணுமா? அதுல வர்ற சத்தத்தைக் கேட்டு, இதை யாரோ தம்பி தூங்கிக்கிட்டே எடுத்திருக்கான்னு திட்டணுமா? முடியாது. முடியவே முடியாது.

மார்ச் 18, செவ்வாய்

கோச் பாரைத் தொட விடவில்லை. வாந்தி விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. "டாக்டர் சரின்னு சொல்லட்டும்க்கா, அப்புறம் தூக்குங்க." காசு கட்டியிருக்கிறேன் என்றேன். "திருப்பித் தந்துடறேன்" என்றார். சண்டை போடக்கூட வழி விடாத மனிதர்.

மார்ச் 19, புதன்

டாக்டர் என் வயதுக்காரி. கேள்வி மேல் கேள்வி. வெடித்த மாதிரி ஒரே நொடியில் வந்ததா? கழுத்து விறைத்ததா? ஒன்று இரண்டாகத் தெரிந்ததா? கை கால் மரத்ததா? பிரஷர் உண்டா? தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பிரஷரும் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது.

"அப்ப ஒண்ணுமில்லதானே டாக்டர்?"

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. சிலருக்குக் கடுமையா உடம்பை வருத்தினா இப்படி வரும், தானாவே போயிடும். ஆனா நாப்பதுக்கு மேல புதுசா வந்திருக்கு, வாந்தி வேற. மூளையையும் அங்க போற ரத்தக் குழாயையும் ஸ்கேன்ல பாக்காம அதை நான் சொல்ல மாட்டேன்."

"ஏப்ரல் ஒன்பது வரைக்கும் தள்ளிப் போடலாமா?"

"மண்டைக்குள்ள ஏதாவது இருந்தா அது உங்க ஷூட்டிங் தேதி கேட்டுட்டு வராதும்மா. நடுவுல திடீர்னு தாங்க முடியாத வலி வந்தா எதுக்கும் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

மார்ச் 20, வியாழன்

ஸ்கேனுக்குப் போகப் போவதில்லை.

பயம். வேறென்ன? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். ஏதாவது தெரிந்துவிட்டால் கம்பு போய்விடும். தெரியாமல் இருக்கும்வரை கம்பு என்னிடம் இருக்கும். இது முட்டாள்தனம் என்று தெரிகிறது. தெரிந்தும் போகப் போவதில்லை.

மார்ச் 22, சனி

போனேன். யார் சொல்லியும் போகவில்லை. நேற்று செட்டில் கம்பு பிடித்திருந்தபோது ஒரு நினைப்பு வந்தது: ஒன்பது நிமிட ஷாட்டின் எட்டாவது நிமிடத்தில் இந்தத் தலை ஏதாவது செய்து, நான் கம்போடு நடிகையின் மேலேயே விழுந்தால்? என் கம்பு அவர் மண்டையில்! அந்த அவமானத்துக்கு ஸ்கேனே மேல்.

அந்த மெஷின் போடும் சத்தம் இருக்கிறதே, வாழ்நாளில் அத்தனை மோசமான சத்தத்தை நான் கேட்டதில்லை. "அசையாம இருங்க" என்றார்கள். அசையாமல் இருப்பதற்குத்தானே இத்தனை வருடம் சம்பளம் வாங்குகிறேன்? வெளியே வந்ததும், "சூப்பரா ஒத்துழைச்சீங்க" என்றார் ஸ்கேன் எடுத்த பெண்.

மார்ச் 25, செவ்வாய்

மண்டைக்குள் ஒன்றுமில்லை. "மூளை இருக்கா?" என்று மகள் கேட்டாள். இருக்கிறதாம்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. அப்புறம், "பசிக்குது" என்றார். அன்றைக்கு நான் "ஆமா" என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, கம்பு உன்னை எதிர்த்துப் பேசாது, அதான் புடிச்சிருக்கு" என்றார்.

உடம்பை வருத்துவதால் மட்டும் வரும் தலைவலிதானாம். எடையைக் குறை, மெதுவாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஆரம்பி, தண்ணீரை விடாதே, வலி மாறினால் உடனே வா என்றார் டாக்டர். ஏன் வருகிறது என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே காரணம் இல்லம்மா" என்றார்.

எனக்கு என் காரணம் வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

பாதி எடைதான். வலியும் பாதியாக வந்தது. ஏதோ எடை போட்டுத் தருகிற மாதிரி.

என் முழங்கை கோணலாகப் போகிறது என்று காட்டுவதற்காகக் கோச் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். எனக்கு வீடியோ பார்க்க வராது, கேட்கத்தான் வரும். வீட்டுக்கு வந்து வேலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். பக்கத்தில் ஒருவர் "ஹா" என்று தூக்குகிறார். மூலையில் ஒரு பெண் ஊதி ஊதி ஓடுகிறாள். மின்விசிறி. கோச் எண்ணுகிறார். பார் கிணுகிணுக்கிறது.

நான் எங்கே?

திரும்பக் கேட்டேன். சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். கோச் "ரெடி" என்கிறார், அதற்கு முன்னால் ஒரு சின்ன உறிஞ்சல், அது நான்தான். அதற்குப் பிறகு பாரைக் கீழே வைக்கிறவரை என்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூச்சே விடவில்லை நான்!

விடமாட்டேன்தான். எப்படி விடுவேன்? மைக்கில் விழுந்துவிடுமே. செட்டில் "ரோலிங்" என்று குரல் வந்ததும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். "கட்" சொன்னால்தான் திறக்கும். ஒரு ஷாட் அரை நிமிடம், முக்கால் நிமிடம், தாங்கிவிடும். அதையே கையில் இரும்பை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் அத்தனை அழுத்தமும் எங்கே போகும்? டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னது பொய்யில்லை. எனக்கே தெரியாது.

மார்ச் 28, வெள்ளி

இன்று தூக்கும்போது வாயைத் திறந்து, "ஹ்ஹா" என்று விட்டேன். ஜிம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓடிக்கொண்டிருந்த பெண் மெஷினையே நிறுத்திவிட்டாள். இத்தனை வருடம் என்னை யாருமே கேட்டதில்லை, கேட்கட்டும். அடுத்த தடவை இன்னும் பலமாக விட்டேன்.

வலிக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றும் வலிக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். "நான் அன்னிக்கே கேட்டேனேம்மா" என்றார். கேட்டார்தான். இதுதான் முழுக் காரணம் என்று துள்ளாதே, எடையை ஒரேயடியாக ஏற்றாதே என்றும் சொன்னார். துள்ளவில்லை. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

புதுப் பிரச்சினை. ஜிம்மில் கத்தலாம், செட்டில் கத்த முடியாது. ஒன்பது நிமிடம் மூச்சைப் பிடிக்கவும் முடியாது. சத்தமே இல்லாமல் மூச்சு விடக் கற்றுக்கொள்ள வேண்டும், இந்த வயதில்.

துணி காயப்போடும் கம்பின் நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டினேன். கணவர்தான் கதாநாயகி. கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பாத்ரூம். வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி அழுதார், நான் சிரித்துப் பாட்டிலை அவர் தலையில் இடித்துவிட்டேன். மகள் "கட்" என்றாள். மறுபடி எடுத்தோம். வாயைக் கொஞ்சம் திறந்து, தொண்டையைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நாலாவது தடவை முழுசாக நின்றேன். கை வலித்தது, தலை வலிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாளை. எதற்கும் இருக்கட்டும் என்று தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறாராம் அண்ணன். வரட்டும். வேடிக்கை பார்க்கவும் ஆள் வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

எடுத்தாயிற்று. கை இருக்கிறது. தலையும் இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் எல்லோரும் உட்கார்ந்து நேற்று எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் கதாநாயகி பாத்ரூம் தரையில் சுவரோடு சாய்ந்து உட்காருவாள். வசனம் இல்லை, இசையும் வரப் போவதில்லை, வெறும் அமைதி. அந்த இடத்தில், அமைதிக்கு நடுவில், நீளமாக ஒரு மூச்சு கேட்டது. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. அவ்வளவு சின்ன அறை. நான் கதவு இடுக்கில் அவள் தலைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

டைரக்டர் நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். போச்சு என்று நினைத்தேன்.

"என்ன அழகா மூச்சு விட்டிருக்கீங்க! இந்த சீனே அதுலதான் முடியுது" என்றார் நடிகையைப் பார்த்து.

"எனக்கே தெரியாம வந்துடுச்சு சார்" என்றார் அவர், அடக்கமாக.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுற்றி வைத்த ஒயர்தான், அவிழ்த்துவிட்டுச் சுற்றினேன்.

எல்லோரும் டீக்குப் போனபின் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த மாசம் இன்னொரு படம் ஆரம்பிக்குது. கம்பு நீதான்" என்றார். வாசல்வரை போனவர் நின்று, "அதுல மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னு விடும்மா" என்றார்.

"இடம் இருந்தா தள்ளி நிக்கிறேன்" என்றேன். "ஆனா விடுவேன் அண்ணே."