முதல் டம்ளரை யார் குடிப்பது

புஞ்சாக் ஆலாம் வீட்டில், என் மேசை மேல் ஒரு போத்தல் கள்ளு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோலா சிலாங்கூரில் உன் திதிக்குப் போய்விட்டு எடுத்து வந்தது. இன்று புதன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இன்னும் இனிக்கத்தான் செய்கிறது. காலையில் இறக்கிய கள்ளு பொழுது சாய்வதற்குள் புளித்து ஏறிவிடும் என்று எனக்குச் சொன்னவனே நீதான். இது சுத்தமான கள்ளு இல்லை என்று தெரிந்தும் கீழே ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

உன் மச்சினன் மணியம்தான் இப்போது உன் தென்னைகளில் ஏறுகிறான். "அதே பழைய மரம், அதே கள்ளு" என்று வாட்ஸ்அப்பில் போட்டு விற்கிறான். எனக்கு அது ஆரம்பத்திலேயே சரியாகப் படவில்லை. அடை மழையிலும் வெயில் நாளைப் போலவே அத்தனை போத்தல் எப்படி வரும்? கேட்டால், "மரம் குடுக்குதுண்ணே, நான் என்னா செய்ய?" என்று பல்லைக் காட்டுகிறான்.

உன்னையும் நான் சந்தேகப்பட்டவன்தானே. சபாக்கிலிருந்து லோரியில் தேங்காய் ஏற்றி வரும் வழியில் முதல் தடவை உன் கொட்டகையில் நிறுத்தினேன். வாயில் வைப்பதற்கு முன்பே, "தண்ணி ஊத்தினியா, சீனி போட்டியா?" என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. ஒரு டம்ளர் ஊற்றி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று குடித்தாய். "இப்ப நீ குடி லா" என்றாய். அதற்கப்புறம் அதுவே உன் கொட்டகை வழக்கமாகிவிட்டது. முதல் டம்ளரை இறக்கியவன் குடிப்பான். பிறகுதான் மற்றவர்களுக்கு.

"பாளையச் சீவறதோட என் வேல முடிஞ்சிச்சு. மிச்சத்த அதுவே பாத்துக்கும்" என்பாய். கிழட்டு மரங்களை வெட்டிவிட்டுப் புதுசு போடச் சொன்னவர்களிடம், "கெழடு கொஞ்சமாத்தான் குடுக்கும், ஆனா நல்லதாக் குடுக்கும்" என்று சண்டைக்குப் போவாய். பெண்டாட்டி சமைத்ததைக்கூட முகர்ந்து பார்த்துத் தின்கிறவன் நான். உன் கையால் வாங்கியதை மட்டும் எதுவும் பார்க்காமல் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டி புஷ்பம் உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, நண்டுப் பிரட்டல், ஆட்டிறைச்சி, நீ பிடிக்கும் சிகரெட் எல்லாம் வைத்துவிட்டாள். மணியம் போத்தலோடு வந்தான்.

"முதல்ல நீ ஒரு டம்ளர் குடிடா" என்றேன்.

"என்னாண்ணே இது? படையலுக்கு வைக்கிறத வாயில வைக்கலாமா? எச்சி ஆயிடாதா?"

அவன் சொன்னது நியாயம்தான். செத்தவனுக்கு வைப்பதை முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. புஷ்பம்கூட உப்புப் பார்க்காமல்தான் சமைத்திருந்தாள். ஆனால் அந்த நியாயத்துக்குப் பின்னால் இவன் ஒளிந்துகொள்கிறான் என்று எனக்குப் பட்டது. விடவில்லை.

"தான் குடிக்காத கள்ள அவன் ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. அவனுக்கே அப்படி வைப்பியா நீ?"

மணியத்தின் முகம் கறுத்துவிட்டது. "தண்ணியும் சாக்கரினும் கலந்ததுதான், போதுமா? மச்சான் காட்டிக் குடுத்ததத்தான் நான் செய்யிறேன். மழ நாள்ல மரம் என்னா குடுக்கும்? அவரும் கலந்தாரு. கலந்தத அவரே மொதல்ல குடிச்சாரு. நீங்களுந்தான் குடிச்சீங்க."

அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். புஷ்பத்தைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று தவித்தேன். அவள் உன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தம்பி கையிலிருந்த போத்தலை வாங்கி, டம்ளர் நிறைய ஊற்றி, இலையோரம் வைத்தாள்.

"அவரு கலந்திருந்தா குடிக்கட்டும். கலக்கலன்னா வந்து கேக்கட்டும்."

நீ வந்து சாப்பிட வேண்டுமே, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். மணியம் பொய் சொல்கிறான். தன் திருட்டுக்கு உன்னைத் துணைக்கு இழுக்கிறான். அப்படித்தான் நம்புகிறேன். இருந்தாலும் பாழாய்ப் போன புத்தி, மழைக்காலங்களில் உன் கொட்டகையில் குடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கிளறிப் பார்த்தது. அதிகமாக இனித்ததா? தெரியவில்லை. நீ ஊற்றும்போது நான் கள்ளைக் கவனித்ததே இல்லை, உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னைத் தூக்கிப் போன அன்றுகூட நான் அழவில்லை. அந்த வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். பழைய சிநேகிதன் நினைப்பு என்று நினைத்தார்கள். மணியமே வந்து தோளைப் பிடித்து, "அழுவாதீங்கண்ணே" என்றான். இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனை நம்பியிருந்தேன். அவன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது என்று யாரிடம் சொல்வேன்? இந்தப் போத்தலைக் கீழே ஊற்றினால், நீயும் கலந்தவன்தான் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா?

உள்ளேதானே இருந்தாய். "நான் கலக்கலடா" என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா?