விகாரைச் சுவரில் உன் அப்பா

அன்புள்ள சுஜீவ அண்ணாவுக்குத் தங்கை இனோகா எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர்க் கடலில் நீங்களும் அப்படியே இருக்க புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகள் துணை நிற்கட்டும். அம்மாவின் வலது கையில் கெளுத்தி முள் குத்தி வீங்கியிருக்கிறது, பேனா பிடிக்க முடியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். முதலில் கண்டவள் நீதானே, அதை நீயே எழுது என்கிறார். நம் விகாரையில் புதிதாக வரைந்த நரகச் சித்திரத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு கையை. அதில் ஆட்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது. அது அப்பாவின் கை. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். கீழுதட்டில் தூண்டில் மாட்டியிருந்தது. ஆள் உயரச் சூரை மீன் ஒன்று வாலை ஊன்றி எழுந்து நின்று அந்தத் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த மாகி நோனா திறந்துவிட்டாள். இனி வருவதெல்லாம் அம்மா சொல்வது.

மகனே, தொலைபேசிக் கடையில் போய்ப் பேசலாம் என்றால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், அதனால்தான் கடிதம். உன் அப்பா கடலுக்குப் போகாமல் இன்றோடு இருபத்தாறு நாள். காய்ச்சல் இல்லை, இடுப்பு வலி இல்லை, கடலும் நல்ல கடல்தான், கரையெல்லாம் சூரையாகக் குவிகிறது. நம் வள்ளம் மட்டும் தென்னோலை போர்த்திக்கொண்டு கிடக்கிறது, நான் அடுத்தவர் மீனை வெட்டப் போய் முள் குத்திக்கொண்டு வருகிறேன். எல்லாம் அந்தச் சித்திரத்தால் வந்தது. அம்பலாங்கொடையிலிருந்து எட்வின் பாஸ் என்று ஒரு சித்திரக்காரர் மூன்று மாதம் விகாரையில் தங்கிச் சுவரில் வரைந்தார். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு. நம் முறை வந்தபோது உன் அப்பாதான் எடுத்துப் போனார், போனவர் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதானே. "ஜினதாச அண்ணே, சட்டையைக் கழட்டிட்டு வலை இழுக்கிற மாதிரி கொஞ்சம் நில்லுங்க, இப்படி ஒரு முதுகு நான் பார்த்ததே இல்ல" என்று அவர் சொல்ல, இவர் இரண்டு பின்னேரம் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். புத்தரின் முற்பிறப்புக் கதை ஒன்றில் கப்பல் ஓட்டுகிறவராகத் தன்னை வரையப் போகிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டாரா, அதுதான் இல்லை. கரை முழுக்கச் சொல்லிவிட்டார், நான் செத்தாலும் நூறு வருசம் விகாரைச் சுவரில் இருப்பேன் என்று.

திறப்பு அன்று வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய், மாப்பிள்ளை மாதிரி வந்தார். கூட்டத்தில் மாகி நோனா கத்துகிறாள், "அடியே குசுமா, உன் புருசன் தூண்டில்ல தொங்குறாரு, வந்து பாருடி. என்ன இரை போட்டுப் புடிச்சாங்களோ!" எல்லோரும் சிரித்தார்கள். "சாராயத்தைத்தான் போட்டிருப்பாங்க" என்று யாரோ சொல்ல இன்னும் சிரித்தார்கள். சிரித்த அத்தனை பேரும் வலை இழுக்கிறவர்கள்தான். அவர்களுக்கெல்லாம் நரகத்தில் தொங்குகிறவன் ஜினதாச, தாங்கள் இல்லை. உன் அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, அந்தக் கையை மெதுவாகச் சாரத்து மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பிடும்போது மட்டும்தான் அது வெளியே வருகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. பஸ் ஏறி அம்பலாங்கொடைக்கே போய் எட்வின் பாஸைப் பிடித்தேன். அவர் வழுக்கை மண்டையைத் தடவிக்கொண்டு, "அக்கா, சொர்க்கத்துக்கு நிக்கச் சொன்னா ஊரே வரிசையில நிக்குது, நரகத்துக்கு ஆள் கிடைக்கிறதில்ல, நான் என்ன செய்ய? பொய் சொன்னவங்களுக்கு நாக்கு புடுங்குற இடத்தைப் பாருங்க, மூணாவதா நிக்கிறது நான்தான். முடி வச்சு வரைஞ்சதால யாருக்கும் தெரியல" என்கிறார். அடிக்கப் போனவள் சிரித்துவிட்டேன். திரும்பி வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "அவன் பொய் சொல்லியிருப்பான். உயிரா எடுத்தான்?" என்றார், அவ்வளவுதான். சித்திரக்காரன் தானாக வரையவில்லையாம், ஏதோ ஒன்று அவன் கையைப் பிடித்து வரைய வைத்ததாம். இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது. பௌர்ணமிப் போயா அன்று விகாரையில் உட்கார்ந்து உயிரைக் கொல்ல மாட்டேன் என்று சொல்வோம், அன்று ஒரு நாள் வள்ளம் இறக்க மாட்டோம், மறுநாள் இறக்குவோம். இந்தக் கரையில் பிறந்தவர்கள் வேறு எப்படி வாழ்ந்தார்கள்? இத்தனை வருசம் கழித்து இவருக்கு மட்டும் கணக்குப் பார்க்கத் தோன்றியிருக்கிறது.

பிறகு விகாரையின் தலைமைப் பிக்கு, பெரிய தேரரிடமே போனேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இனோகா படிப்பை விட்டபோது வீடு தேடி வந்து கேட்டவர் அவர் ஒருவர்தான். "உபாசகம்மா, சித்திரம் பயமுறுத்தத்தான் இருக்கு. கடல்ல இருக்கிறதும் உயிர்தானே?" என்றார். "உயிர்தான் ஹாமுதுருவே. அந்த உயிரைத்தான் மாசா மாசம் பதினெட்டாந்தேதி கொறுக்காய்ப்புளி போட்டு வத்த வச்சு உங்க பாத்திரத்துல போடுறேன்" என்றேன். தனக்காகக் கொன்றதென்று பார்க்காமல், கேட்காமல், சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்வதில் குற்றம் இல்லை என்றார். "அப்ப கேக்காதவங்க எல்லாம் தப்பிச்சாங்க, கொண்டு வந்து குடுத்தவன் மட்டும் தூண்டில்லயா?" என்றேன். சொன்ன கையோடு விழுந்து கும்பிட்டேன். அவர் வெற்றிலைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஊர் கூடிப் புண்ணியமாகச் செய்த சுவர், தான் ஒருவராக அழிக்கச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதினெட்டாந்தேதி பருப்பும் பூசணியும் மட்டும் உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்பினேன். இருபது வருசத்தில் மீன் போகாத முதல் தானம். தேரர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையாம். இதைக்கூட உன் அப்பா தனக்குக் கிடைத்த தண்டனையாக எடுத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டார்.

இவ்வளவையும் நான் தாங்கிக்கொள்வேன். இப்போது உன் மேலும் கை வைக்கப் பார்க்கிறார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்தச் சுவரில் அவருக்குப் பின்னால் முகமே வரையாத ஓர் இளம் ஆள் தொங்குகிறான். அது நீதானாம். கொரியாக் கப்பலில் நீ ஒரு வலையில் எடுப்பதைத் தான் ஆயுள் முழுக்க எடுத்திருக்க மாட்டேன் என்று கணக்குச் சொல்கிறார். வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை உன் முதலாளி வீட்டு எண்ணுக்குப் பேசி, வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லப் போகிறார். அழவும் செய்வார். மகனே, நீ அந்த வேலைக்குப் போக எத்தனை வருசம் அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர் மனது ஆறட்டும் என்று பொய்யாகக்கூடச் சொல்லாதே, பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அதட்டவும் வேண்டாம். அவர் உனக்கு வலை பின்னக் கற்றுத் தந்த மனிதர். அங்கே என்ன சாப்பிட்டாய், எத்தனை பேர் ஒரு அறையில், குளிருக்கு என்ன போடுகிறாய் என்று பேச்சை அந்தப் பக்கம் இழு. நீ வந்துவிட்டால் இந்த வீட்டில் இரண்டு ஆண்கள் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், என்னால் முடியாது.

ஈரக் காலுறையோடு தூங்காதே. கப்பலில் யாரோடும் சண்டைக்குப் போகாதே. காவலுக்குப் பிரித் ஓதிக் கட்டி அனுப்பிய நூலைக் கையிலிருந்து அவிழ்க்காதே, அழுக்கானால் ஆகட்டும். கடல் உன்னை எப்போதும் கரையிலேயே கொண்டுவந்து விடட்டும், நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா குசுமாவதி
(இடது கையால் போட்ட கையெழுத்து, கோணலாக இருந்தாலும் அம்மாவுடையதுதான்)

அண்ணா, இது தபாலில் போடும் முன் நான் எழுதுவது, அம்மாவுக்குத் தெரியாது. காலையில் தபால் போடப் போகும் வழியில் விகாரை முற்றம் கூட்டப் போனேன், வாரத்தில் மூன்று நாள் அது என் வேலை. அப்பா அங்கே சித்திரத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை மறைத்துக்கொண்டார். பின்னால் தானசாலை அடுப்புக்குப் போய் ஒரு கரித்துண்டு எடுத்து வந்தேன். அவர் பார்க்கும்போதே, தூண்டிலில் தொங்கும் அப்பாவுக்குப் பக்கத்தில் சுவரின் ஓரமாக, என்னைப் போலவே இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணை வரைந்தேன். அவள் மடியில் ஒரு சோற்றுத் தட்டு, சோற்றின் மேல் ஒரு துண்டு மீன்.