நாலு வசந்தத்து டிரிப் ஷீட்டுகள்

என் ஒட்டகக் குட்டி கம்ஷாத்துக்கு அப்பா எழுதுவது. ஆடுமாடு சுகமா, உயிர்கள் சுகமா என்று கேட்டுத்தான் நாம் தொடங்குவோம், ஜெர்மனியில் உனக்கு ஆடும் இல்லை மாடும் இல்லை, அதனால் உன் இருமலும் ஆராய்ச்சியும் எப்படி என்று கேட்கிறேன். அம்மாவின் முழங்கால் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது, மற்றபடி சுகம். நான் ஓட்டும் பல்கலைக்கழகத்து ஜீப்பும் நானும் காலையில் ஒரே மாதிரி இருமிவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உன் பேராசிரியர் எர்கெபுலானின் புத்தகத்துக்கு விழா. மலைச்சரிவுக் காட்டுத் துலிப் பூக்களைப் பற்றிய புத்தகம். டீன் அவருக்குப் பூவேலை அங்கி போர்த்தினார், அதைக் கையில் ஏந்தி நின்றது உன் அப்பன். நான் பத்தாம் வகுப்புக்காரன், ஆனாலும் படம் பார்க்கத் தெரியும். நாற்பத்தோராம் பக்கத்துப் பூவுக்குப் பக்கத்தில் அளவுக்கு வைத்திருப்பது என் ஸ்பேனர், பிடியில் சிவப்பு பெயின்ட். அந்தப் படம் எடுத்த அன்றைக்கு நீ ஸ்கேலை மறந்துவிட்டு என்னிடம் வாங்கியது. உன் பெயர் எங்கும் இல்லை. பெட்ரோலுக்கு அனுமதி தந்த டீனுக்குக்கூட நன்றி இருக்கிறது.

நீ மலையில் எழுதிய நோட்டுகளை அவரிடம் கொடுத்தது நான்தான் மகளே. போன இலையுதிர் காலத்தில் அந்த மனுஷன் ஷெட்டுக்கே வந்து என் கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோலெகென் அண்ணே, பொண்ணோட வேலை வீணாகக் கூடாதுல்ல, அந்த நோட்டெல்லாம் கொண்டாங்க, பத்திரமா வெச்சிருக்கேன் என்றார். நான் ஏழு நோட்டையும் தூசி தட்டி, மேலே ஒரு பாட்டில் ஆப்ரிகாட் ஜாமும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஜாமுக்கும் நன்றி போடவில்லை.

விருந்தில் பெரிய மனுஷனுக்கு வைக்கும் ஆட்டுத்தலை அவர் முன்னால்தான் வந்தது. மேலண்ணத்தை அறுத்து, பெண் பிள்ளைக்குக் கொடுப்பதுதானே வழக்கம், உங்க பொண்ணு கெட்டிக்காரி, என் மாணவியாச்சே என்று எல்லார் முன்னாலும் என் கையில் வைத்தார். கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன். வீட்டில் அம்மா, ரோட்டுல பள்ளம் இருந்தா பர்லாங்கு தூரத்துலயே தெரியுது, ஆளுக்குள்ள இருந்தா தெரியாதா என்றாள். அந்த மேலண்ணத்தை நாய்க்குப் போட்டாள். நாய் சந்தோஷமாகச் சாப்பிட்டது, எங்கள் வீட்டில் அந்த விழாவால் பயனடைந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் ஜீப் பெட்டியைக் கிளறினேன். குப்பையைச் சேர்க்கிறேன் என்று ஆபீசில் என்னைத் திட்டுவார்களே, அந்த டிரிப் ஷீட்டுகளின் கார்பன் நகல்கள். நாலு வசந்தம், அறுபத்து மூன்று பயணம், தேதி, இடம், கிலோமீட்டர், ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஏறியவர் கம்ஷாத். எர்கெபுலான் பெயர் அந்த ஒரே ஒரு ஷீட்டில்தான், அதுவும் அவர் தோட்டத்து உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றப் போனது. எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குப் பென்ஷனுக்குப் பதினோரு மாதம் இருக்கிறது, அதை நினைத்து நீ வாயை மூடிக்கொண்டாயானால் அந்தப் பென்ஷன் ரொட்டி என் தொண்டையில் இறங்காது. என்ன செய்வது என்பது உன் முடிவு. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் நான் எதையும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

உன் வழி திறந்திருக்கட்டும், உன் பெயர் உன்னிடமே இருக்கட்டும். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. பொட்டலம் கனமாக இருக்கிறதே என்று பார்க்காதே, அடியில் ஸ்பேனர் இருக்கிறது. பிடியின் பெயின்டைச் சுரண்டிவிடாதே.

உன் அப்பா,
தோலெகென்
அறுபத்து மூன்று டிரிப் ஷீட்டுகளின் ஆசிரியர்